வெயிலில் காய்ந்த ஓகன்

எங்கள் வகுப்புக் குழுவில் போன கிழமை ஒருத்தன் ஒரு கேள்வி போட்டிருந்தான்: "மச்சான்மார், சின்ன வயசில என்ன பாட்டுக் கேட்டு வளந்தீங்க?" பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை நிறைந்துவிட்டது. சினிமாப் பாட்டு, கோயில் ஒலிபெருக்கியில் விடிய முன்னம் போடும் பாட்டு, றேடியோவில் பிறந்தநாள் வாழ்த்தோடு வந்த பாட்டு. நான் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். உண்மையைச் சொன்னால் நக்கலடிப்பீர்கள் என்று பயம்.

சரி, சொல்கிறேன். நான் வளர்ந்தது அமெரிக்காவில் கறுப்பு மனிதர்கள் வாசித்த ஓகன் என்கிற வாத்தியத்தின் இசையில். கிழக்குக் கரையோரத்து நாவற்குடாவில். தகரக் கூரைக் கொட்டிலில். ஒரு பக்கம் கருவாட்டு வாசம், மறுபக்கம் ஜாஸ்.

சிரித்து முடித்தவர்கள் மேலே வாசிக்கலாம். நமக்கும் முப்பது தாண்டிவிட்டது. குழுவில் இருக்கிற ரெண்டு மூன்று பேருக்கு முன்மண்டை வெளித்துவிட்டது, படங்களில் பார்க்கிறேன். இப்போதே எழுதி வைக்காவிட்டால், மறுகா நம்மட பிள்ளைகள் சுனாமிக் கொட்டில் என்றால் அழுகை மட்டும்தான் என்று நினைத்துவிடும். அங்கே நாம் எவ்வளவு சிரித்தோம் என்று நமக்குத்தானே தெரியும்.

எங்கள் பழைய வீடு நாவலடிப் பக்கம், கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில். வாவி என்று புத்தகத்தில் எழுதுவதை நாங்கள் வாயால் ஆறு என்றுதான் சொல்வோம். அப்பா ஆற்றில் மீன் பிடிக்கிறவர். அம்மா மிஞ்சின மீனைக் கீறி, உப்புப் போட்டு, பரணில் காய வைத்துக் கருவாடாக்குகிறவ. ரெண்டு பேருக்கும் கையெழுத்து வைக்க மட்டும் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாங்கில் ஒழுங்காக இருந்த முதல் ஆள் நான்.

அந்த மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. உங்கள் எல்லாருக்கும் அவரவர் ஞாயிறு இருக்கிறது. எங்களுக்கு வீடு போனது, ஆட்கள் மிஞ்சினோம். தோணி ஆற்றுப் பக்கம் கட்டிக் கிடந்ததால் அதுவும் மிஞ்சியது. கொஞ்ச நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்துவிட்டு, நாவற்குடாவில் வரிசையாக அடித்துக் கொடுத்த பலகைக் கொட்டில்களில் ஒன்றுக்குப் போனோம்.

பக்கத்துக் கொட்டில்தான் பட்டறை அங்கிளுக்குக் கிடைத்தது. அவரும் அன்ரியும் கடலோர டச்பார் பக்கத்துப் பறங்கி ஆட்கள், அந்தக் காலத்துப் போர்த்துக்கீசர் வழி வந்தவர்கள். அங்கிள் இரும்புப் பட்டறை வைத்திருந்தவர். கத்தி அடிப்பார், தோணி எஞ்சின் பூட்டிக் கழற்றுவார், பூட்டுக்குத் திறப்பு வெட்டுவார். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அதுவும் சரியாகப் பொருந்தாத பலகை. அன்ரி அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் அப்பா தும்முவார். அப்பா தும்மினால் அந்தப் பக்கத்தில் இருந்து அன்ரி, "சீசஸ், சீசஸ்" என்று சொல்லுவா.

அங்கிளுக்கு ஒரு தம்பி இருந்தவர். கப்பலில் குசினி வேலை. ஊர் ஊராகப் போய், லீவில் வரும்போது உடுப்பு வாங்கி வராமல் றெக்கோட் வாங்கி வருவாராம். கறுப்புத் தட்டு றெக்கோட். அந்த ஞாயிற்றுக்கிழமை லீவில்தான் நின்றிருக்கிறார். அவர் மிஞ்சவில்லை.

தை மாதம் முழுக்க அங்கிள் பழைய வீட்டு வளவுக்குப் போய் மண்ணைக் கிண்டிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் ஒரு றங்குப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். தம்பிக்கென்று அவரே தகடு வெட்டி அடித்துக் கொடுத்த பெட்டி. திறந்தால் உள்ளே கடல் மண்ணும் கடதாசிக் கூழும். கூழுக்கு நடுவில் அந்தத் தட்டுகள். அட்டைகள் எல்லாம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒரு அட்டையில் தொப்பி போட்ட ஒரு மனிதனின் பாதி முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

அங்கிள் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, தொடவும் மனமில்லாமல், மூடவும் மனமில்லாமல் இருந்தார். அம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"விடுங்க அண்ணன். நான் கழுவித் தாறன்."

"உனக்கேன் தங்கச்சி கரைச்சல்?"

"கடல்ல கிடந்த சாமானக் கழுவுறது எங்களுக்குக் கரைச்சலா? குடுங்க இஞ்ச."

பழைய சீலைத் துண்டும் சவுக்காரத் தூளும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனா. ஒவ்வொரு தட்டையும் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரிக் குளிப்பாட்டினா. நடுவில் ஒட்டியிருந்த வட்டக் கடதாசிகளும் சவுக்காரத்தில் கழன்று போயின. யார் வாசித்தது, எந்த ஊர், என்ன பாட்டு, எல்லாம் அந்தத் தண்ணியோடு வாய்க்காலில் போனது. அதில் ஒருத்தருக்கும் கவலையில்லை. இங்கிலீசு வாசிக்கிற ஆள் நான் ஒருத்தன்தான், எனக்கே அப்போது அரைகுறை.

பிழை அதற்குப் பிறகுதான் நடந்தது. உப்பு ஊறின எந்தச் சாமானையும் நிழலில் காய வைத்தால் நாற்றம் பிடிக்கும் என்பது அம்மாவின் படிப்பு. அதனால் தட்டுகளைக் கருவாட்டுப் பரணில், வலைக்கு மேலே, கீளி, செத்தல் மீன்களுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பரப்பினா. காகம் கொத்தாமல் இருக்க மேலேயும் ஒரு வலை. நல்ல வெயில்.

மத்தியானம் அப்பா தோணியால் வந்து பரணைப் பார்த்தார்.

"என்னகா, பப்படம் பொரிச்சிருக்காய்?"

அம்மா ஓடிப்போய்ப் பார்த்தா. தட்டுகள் ஓரம் சுருண்டு கிடந்தன. மீன் என்றால் ஒரு பக்கம் சுருண்டால் மறுபக்கம் பிரட்டிப் போட நேராகும். அம்மா அதைத்தான் செய்தா. எல்லாவற்றையும் பிரட்டிப் போட்டா. அவை மறுபக்கமும் சுருண்டன.

அங்கிள் வந்து பரணுக்கு முன்னால் நின்றார். நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் ஒரு தட்டை எடுத்தார். அது நடுவில் குழிந்து, ஓரம் நிமிர்ந்து, கறிச் சட்டி மாதிரி இருந்தது. அதைத் தலையில் தொப்பியாக வைத்துப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். பெரிய உடம்பு, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன் என்று அன்ரி பிற்பாடு சொன்னா.

முற்றாகச் சுருண்டவற்றை அன்ரி எடுத்து அவற்றுக்குள் வெங்காயமும் தேசிக்காயும் போட்டு வைத்தா. மிச்சம் லேசாக அலை விழுந்தவை. அவற்றைப் பலகைக்கு நடுவில் வைத்து, மேலே பட்டறைக் கல்லை ஏற்றி வைத்தார் அங்கிள். கொஞ்சம் நிமிர்ந்தன. முழுக்க நிமிரவில்லை.

பிறகு பட்டணத்தில் பழைய இரும்புக் கடையில் ஒரு உடைந்த றெக்கோட் பெட்டியைக் கண்டுபிடித்து வந்தார். கொட்டிலில் கரண்ட் இல்லை. கார் பற்றறியில் ஓடுகிற மாதிரி அதை மாற்றினார். உள்ளே சுற்றும் பட்டிக்குச் சைக்கிள் ரியூப்பை மெல்லிசாக வெட்டிப் போட்டார். ஒரு பின்னேரம் தன் கொட்டிலுக்கு முன்னால், ஓலைத் தாழ்வாரத்தில் அதை வைத்து, முதல் தட்டைப் போட்டார்.

ஊசி, அலை விழுந்த தட்டில் சின்னத் தோணி மாதிரி ஏறி இறங்கியது. கரகரவென்று மண் சத்தம். பிறகு வந்தது பாருங்கள், அதை எப்படி எழுதுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஓகன் என்றால் சேர்ச்சில் கேட்பதுதான் என்று நினைத்திருந்தேன். இது சேர்ச்சில் இருந்து வெளிக்கிட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சந்தைக்குள் நடந்து போகிற ஓகன். அடியில் தும் தும் என்று ஒரு நடை. பக்கத்தில் கித்தார் ஒன்று குசுகுசுக்கும். ட்றம்காரன் அவசரமே இல்லாமல் தட்டுவான். சில தட்டில் சக்சபோன் ஒன்று தொண்டை கட்டின அண்ணன் மாதிரி வந்து கதை சொல்லிவிட்டுப் போகும். எல்லாவற்றுக்கும் மேலே ஓகன். பியானோவில் கட்டையைத் தொட்ட உடனேயே சத்தம் தேயத் தொடங்கிவிடும். ஓகனில் விரலை எடுக்கும்வரைக்கும் சத்தம் நிற்கும். எடுத்த உடனே இல்லை. அந்த நிற்பதையும் நிறுத்துவதையும் வைத்தே அந்த மனிதர்கள் சிரித்தார்கள், கெஞ்சினார்கள், பகிடி விட்டார்கள்.

பெயர் இல்லாததால் நாங்கள்தான் பெயர் வைத்தோம். ஒருவன் பிடிகாரன். பாட்டு உச்சத்துக்கு வந்ததும் ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்தால் விடமாட்டான். மற்ற விரல்கள் அதைச் சுற்றி ஓடி விளையாடும், றெக்கோட்டுக்குள் இருக்கிற சனம் கூக்குரல் போடும். அவன் விடும்வரை மூச்சைப் பிடிப்பதுதான் கொட்டில் பிள்ளைகளின் விளையாட்டு. ஒருத்தனும் வென்றதில்லை. இன்னொருவன் கிறுக்கன், கை நிற்காது.

மூன்றாவது ஆளுக்குப் பெயர் வைத்தது அம்மா. அவன் ஆறுதலாக, மெல்ல மெல்ல வாசிக்கிறவன். கனமான சத்தம், அதில் ஒரு நடுக்கம். அம்மா மீன் செதில் உரசிக்கொண்டே கேட்டா. கத்தி நின்றது.

"கூழ் கொதிக்கிற மாதிரிக் கிடக்கு," என்றா. "அடியில இருந்து முட்டை முட்டையா வருது."

அன்றிலிருந்து அவன் கூழ்க்காரன். அந்தத் தட்டைப் போட்டால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து தாழ்வாரத்தில் இருப்பா. அவ அப்படி வேலையை விட்டுவிட்டு இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பெரிய சண்டை ஒன்றும் நடந்தது. அடியில் கேட்கிற அந்தத் தும் தும்மை வாசிப்பது யார் என்பது.

"அதுக்கெண்டு வேற ஒருத்தன்," என்றார் அப்பா.

"இல்ல," என்றார் அங்கிள். "தம்பி சொல்லியிருக்கான். ஓகன்காரன்தான் அதையும் வாசிக்கிறான். காலால."

அம்மாவுக்குத் தூக்கி வாரிப் போட்டது. "காலாலயா? வாத்தியத்தக் காலால மிதிக்கிறானா? சரஸ்வதிய உதைக்கிற மாதிரியெல்லுவா அது!"

"கீழயும் கட்டை இருக்காம் தங்கச்சி. மரக் கட்டை. ரெண்டு கை மேல, கால் கீழ."

"எங்கட பள்ளிக்கூடத்தில ஆர்மோனியத்தக் கால்ல தொட்டா அடி விழும்," என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

 அப்பா போய்த் தோணி வலிக்கிற சவளை எடுத்து வந்தார். நம்மட ஆட்களுக்குத் தெரியும், ஆற்றுக்குள் மீன் நடமாட்டம் கேட்க வேண்டும் என்றால் சவளைத் தண்ணிக்குள் விட்டு, மற்ற நுனியில் காதை வைப்பார்கள். அப்பா சவளின் ஒரு நுனியைச் சத்தம் வரும் பெட்டிப் பலகையில் ஊன்றி, மற்ற நுனியில் காதை வைத்து, கண்ணை மூடினார். தட்டு ஒரு பக்கம் முடியும்வரை அசையவில்லை.

"ஓம்," என்றார். "ஒரே ஆள்தான். கை தயங்கிற இடத்தில காலும் தயங்குது."

"அப்ப பாவம்தான்," என்றா அம்மா.

"என்ன பாவம்? நான் வலைய இழுக்கக்குள்ள சவளக் காலாலதானே பிடிக்கிறன்? ஆறு என்னைக் கோவிச்சிதா?"

அம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கூழ்க்காரனை விடவும் இல்லை. "தெரியாமச் செய்றான்," என்று மன்னித்துவிட்டா.

அங்கிள் ஒரு விசயத்தை எங்களுக்கு மறைக்கவில்லை. தம்பி உயிரோடு இருந்த காலத்தில் இந்தத் தட்டுகளில் ஒன்றைக்கூட அவர் முழுசாகக் கேட்டதில்லை. பட்டறையில் நாள் முழுக்கச் சம்மட்டிச் சத்தம். வீட்டுக்கு வந்தால் இது. "அந்த இழவ நிப்பாட்டடா" என்றுதான் கத்துவாராம். இப்போது தேடித் தேடிக் கேட்டார்.

அதனால்தான் அவருக்கும் தெரியவில்லை, இந்தப் பாட்டுகள் முதலில் எப்படி இருந்தன என்று.

வைகாசியில் ஒரு மத்தியானம், வெளியில் மழை. நாங்கள் இந்தப் பக்கம் கூனி இறால் கிள்ளிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் அங்கிள் அன்ரியோடு கதைப்பது கேட்டது. வழக்கமாக அவர்கள் வீட்டுக்குள் பறங்கிப் பாசைதான் கதைப்பார்கள். அன்றைக்கென்று ஏன் தமிழில் சொன்னாரோ தெரியாது.

"தம்பி இருக்கக்குள்ள இது இப்பிடி இருந்திருக்காது. வெயில்ல கிடந்து, குளிர்காய்ச்சல்காரன் மாதிரி நடுங்குது. அவன்ட எண்டு மிஞ்சினதும் பழுதாப் போச்சு."

அன்ரி ஏதோ சமாதானம் சொன்னா. அம்மாவின் கை இறாலில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தா. நான் கேட்காத மாதிரிக் குனிந்துகொண்டேன். அப்போது விளங்கியது, அவ ஆசைப்பட்டுக் கேட்ட அந்த நடுக்கம்தான் அவ செய்த பிழை என்று அவ நினைத்துவிட்டா. செத்துப்போன ஒரு மனிதனின் கடைசிச் சொத்தை வெயிலில் போட்டுப் பழுதாக்கிவிட்டு, அந்தப் பழுதையே ரசித்துக்கொண்டு இருந்திருக்கிறேனே என்று.

அடுத்த முறை பாட்டு வைத்தபோது அம்மா வரவில்லை.

"தங்கச்சி எங்க?" என்றார் அங்கிள்.

"தலையிடியாம்."

அதற்கு அடுத்த முறை அடுப்பு வேலை. பிறகு கால் உளைவு. அங்கிளுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். பலகைக்குக் கேட்கும்படி உரத்துச் சொன்னார்: "இந்தப் பற்றறி சரியில்ல. அதுதான் சத்தம் நடுங்குது." அப்பா ஒரு படி மேலே போய், "இல்ல அண்ணன், அது சைக்கிள் ரியூப்," என்றார். ரெண்டு பேரும் நல்ல மனிதர்கள். பொய் சொல்லத் தெரியாது. அம்மா இந்தப் பக்கம் இருந்து, "இவங்களுக்கு என்னைப் பாத்தாப் பச்சப்புள்ள மாதிரிக் கிடக்கு," என்றா.

அன்ரியோடு கதைத்தா. கருவாடு கொடுத்தா. அங்கிளுக்குக் காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தா. ஆனால் பாட்டு நடக்கிற இடத்துக்குக் கால் வைக்கமாட்டா. பாட்டுத் தொடங்கினால் இங்கே தேங்காய் துருவத் தொடங்குவா. அந்தச் சத்தத்தில் பாட்டுக் கேட்கக்கூடாது என்று. நான் கவனித்தேன், கூழ்க்காரன் என்றால் துருவலைச் சத்தம் அவன்ட காலோடு சேர்ந்து போகும். அவன் தயங்கினால் இதுவும் தயங்கும். தட்டு ரெண்டு பக்கமும் ஓடினால் தேங்காய்ப்பூ மலையாகக் குவிந்துவிடும். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் சம்பல் இல்லாத நாள் இல்லை. அப்பாவுக்கு அதில் பெரிய கவலை.

"அண்ணன், கொஞ்ச நாளைக்குப் பாட்டை நிப்பாட்டுங்க," என்று அங்கிளிடம் கெஞ்சினார். "வயிறு தாங்குதில்ல."

பிறகு கல்வீடு கிடைத்தது, கொஞ்சம் உள்ளே தள்ளி. அங்கேயும் அங்கிள்தான் பக்கத்து வளவு. பலகைச் சுவர் போய் வேலி வந்தது. அதற்குள் நாட்டில் மறுபடியும் சண்டை மூண்டுவிட்டது. வாகரைப் பக்கத்துச் சனம் மூட்டை முடிச்சோடு வந்து, நாம் விட்டு வந்த மாதிரியான கொட்டில்களில் இருந்தது. அப்பா ஆற்றில் இறங்க ஆமிக்காரர் நேரம் குறித்துக் கொடுத்தார்கள். பகலில் ஆற்றுக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கமாகக் குண்டு போகும். வீட்டுக் கூரை ஓடு கிண் என்று அதிரும். அந்த நேரத்தில் அங்கிள் சொல்லி வைத்த மாதிரிக் கிறுக்கனைப் போட்டு, சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடுவார். குண்டுக்கும் ஓகனுக்கும் நடுவில் அம்மாவின் துருவலை. நான் அந்தச் சத்தங்களுக்குள் இருந்துதான் படித்துப் பாஸ் பண்ணினேன். உங்களுக்கும் வேறு வேறு சத்தம் இருந்திருக்கும்.

யுத்தம் முடிந்த வருசம் ஆவணி லீவில், அங்கிளின் அக்கா அவுஸ்திரேலியாவில் இருந்து வந்தா. இளம் வயசிலேயே போனவ. பாதை திறந்த பிறகுதான் வரத் துணிந்திருக்கிறா. கொழும்பில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, செங்கலடியில் வாங்கின வத்தகப்பழம் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி வைத்திருந்தா. முதல் ரெண்டு நாளும் அழுகைதான். மூன்றாம் நாள் கைப்பைக்குள் இருந்து ஒரு கசெற்றை எடுத்தா.

"தம்பி தந்தது. நான் வெளிக்கிடக்குள்ள, அங்க போய்க் கேளு அக்கா எண்டு அவன்ட றெக்கோட்டில இருந்து பதிஞ்சு தந்தவன். அங்க காருக்குள்ள இதைத்தான் போட்டுப் போட்டுத் திரிஞ்சன்."

இதை நான் பார்த்தது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இல்லை. அங்கிள் வீட்டு விறாந்தையில், அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அம்மா அன்ரிக்கு நண்டு கொடுக்கக் குசினிப் பக்கத்தால் வந்திருந்தா. எப்போதும் அந்தப் பக்கத்தால்தான் வருவா.

அங்கிள் கசெற்றைப் போட்டார். அந்தத் தம்பி வயர் பூட்டிப் பதியவில்லை. றெக்கோட் பெட்டிக்கு முன்னால் கசெற் றேடியோவை வைத்துப் பதிந்திருக்கிறார். முதலில் ஒரு இருமல். "அவன்தான்," என்றார் அங்கிள் மெதுவாக. பின்னால் எங்கேயோ கடல் இரைந்தது. பழைய டச்பார் கடல், ஒன்றுமறியாத கடல். பிறகு ஊசி விழுந்தது. கூழ்க்காரன்.

நடுங்கியது.

அதே நடுக்கம். பொடிப்பொடியாக, தண்ணிக்கு மேலே காற்று ஓடுகிற மாதிரி. அங்கிள் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"நடுங்குது! அக்கா, இதிலயும் நடுங்குது!"

"ஓம், அது அப்பிடித்தானே," என்றா அக்கா. "எப்பவும் அப்பிடித்தான். அதுதானே வடிவு."

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போன பிறகுதான் இதை நான் தேடி வாசித்தேன். அந்த மாதிரி ஓகனின் சத்தம் நேராக வெளியில் வராது. ஒரு மரப்பெட்டிக்குள் போய், அங்கே சுழல்கிற ஊதுகுழல் ஒன்றுக்குள்ளால்தான் வரும். வாசிப்பவர் ஒரு சுவிச்சைத் தட்டினால் மெதுவாகச் சுழலும், திரும்பத் தட்டினால் வேகமாகச் சுழலும். அந்தச் சுழற்சிதான் நடுக்கம். அவர்களின் பெயர்களையும் கண்டுபிடித்தேன், முகங்களையும் பார்த்தேன். ஆனால் எங்கட வாய்க்கு அவர்கள் பிடிகாரனும் கிறுக்கனும் கூழ்க்காரனும்தான்.

அன்றைக்கு இது ஒன்றும் தெரியாது. அங்கிள் குசினிப் பக்கம் ஓடினார்.

"தங்கச்சி! இஞ்ச வா! கெதியா வா!"

அம்மா யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று நண்டோடேயே ஓடி வந்தா. வந்து விறாந்தை வாசலில் நின்றுவிட்டா. படி ஏறவில்லை.

"கேள். இது வெயில் படாதது. உன்ட கைக்கே வராதது. கேள், நடுங்குதா இல்லையா?"

அம்மா கேட்டா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நான் உன்னில பழியப் போட்டிட்டன் தங்கச்சி."

"நீங்க எங்க போட்டீங்க? ஒரு சொல்லுச் சொல்லல்லியே."

"மனசுக்குள்ள போட்டன்."

"அது எனக்குத் தெரியும்," என்றா அம்மா. "பலகைக்குள்ளால கேட்டிச்சு."

அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். அன்ரி அவரைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு அவருக்குச் சோறு கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அப்பா நிலைமையைச் சரியாக்க, "அப்ப இனித் தேங்காய் மிச்சம்," என்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அம்மா இன்னும் நம்பவில்லை. பற்றறி என்றும் ரியூப் என்றும் அவவுக்கு முன்பே பொய் சொன்ன ஆட்கள்தானே.

"என்னை ஆறுதல்படுத்த ஒண்டும் சொல்ல ஒண்ணா," என்றா. "அந்த றெக்கோட்டையும் போடுங்க. ரெண்டையும் கேக்கணும்."

அங்கிள் றெக்கோட்டைக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தார். ஊசி ஏறி இறங்கத் தொடங்கியது. அம்மா நண்டை அன்ரியின் கையில் கொடுத்துவிட்டு, கையைச் சீலையில் துடைத்து, படி ஏறி வந்து பெட்டிக்கு முன்னால் குந்தினா. நாலு வருசத்துக்குப் பிறகு. ஊசியையே பார்த்தா. அக்காவும் பக்கத்தில் குனிந்தா.

"கொஞ்சம் வித்தியாசம் இருக்குத்தான்," என்று அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னா. "என்ன எண்டு சொல்லத் தெரியல்ல."

அம்மா விரலை நீட்டினா. ஊசி மேலே போகும்போது விரலும் மேலே போனது, கீழே வரும்போது கீழே வந்தது.

"இந்தா பாருங்க. ஊசி ஏறக்குள்ள சத்தமும் ஏறுது, இறங்கக்குள்ள இறங்குது. அலையில தோணி போற மாதிரி. இது கசெற்றில இல்ல. இது நான்."

 விரல் போய்க்கொண்டே இருந்தது.

"அதுக்கு மேல பொடிப்பொடியா நடுங்குது பாருங்க. அது கூழ்க்காரன்."

அங்கிள் குனிந்து கேட்டார். நானும் கேட்டேன். ஒருமுறை காட்டிவிட்டால் பிறகு மறைக்க முடியாது. சின்ன நடுக்கத்துக்குக் கீழே, பெரிசாக, ஆறுதலாக, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பாட்டு மூச்சு எடுத்து விட்டது. பரணும் வெயிலும் அம்மா பிரட்டிப் போட்டதும் அதற்குள் இருந்தன.

"அப்ப பழுது இருக்குத்தான்," என்றா அம்மா. குரலில் துக்கம் இல்லை. தராசில் சரியாக நிறுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

"தங்கச்சி," என்றார் அங்கிள், "அக்கா போகக்குள்ள கசெற் அவவோட போகட்டும். எனக்கு இது போதும். தம்பி கேட்டிருந்தா அவனும் இதைத்தான் எடுப்பான்."

"பொய்," என்றா அம்மா. ஆனால் எழும்பவில்லை. காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, வசதியாக இருந்துகொண்டா. கூழ்க்காரன் முடிந்து, ஊசி நடுவில் போய் டக் டக் என்று தட்டியது. அங்கிள் ஊசிக் கையைத் தூக்கி வைக்கப் போனார்.

"மற்றதுகளையும் எடுத்து வாங்க அண்ணன்," என்றா அம்மா. "அதுகளில நான் எங்க இருக்கன் எண்டு பாப்பம்."